தாமதமாக வருபவர்கள் உட்காரும் இடம்

ஜனவரி 4, ஞாயிறு

துணி துவைக்கும் நாள். பாதியில் தண்ணீர் நின்றுவிட்டது. என் அறை வெண்ணிலா குழாயைத் திட்டிக்கொண்டிருந்தபோது வார்டன் அக்கா வந்து, எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர்கள் மாடிக்கு வரவேண்டும் என்றார்.

எங்கள் மில் ஹாஸ்டல் மாடியில் 'கல்வி மையம்' என்று போர்டு மாட்டிய அறை இருக்கிறது. நாங்கள் மில்லில் சேர்ந்த புதிதில் ஒரு சார் சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்து பாடம் நடத்தினார். அப்புறம் வரவில்லை. அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். இன்று பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு பெஞ்சு போட்டிருந்தார்கள்.

ஆபீஸ் தனசேகர் சார் பேசினார். எங்களை வேலைக்கு எடுப்பதும் லீவு தருவதும் தராததும் அவர்தான்.

"டவுன்ல கதிர்முகம் இலக்கிய வட்டம்னு ஒண்ணு இருக்கு. நம்ம முதலாளி அதுக்குப் புரவலர். வருஷா வருஷம் ஆண்டு விழாவுல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு எழுத்துப் போட்டி வைப்பாங்க. இந்த வருஷம் நம்ம மையத்து மாணவிகளும் எழுதுறீங்க."

"சார், நாங்க எந்த கிளாஸ் மாணவிங்க சார்?" என்று வெண்ணிலா கேட்டாள்.

"வாய்க்கு ஒரு கிளாஸ் இருந்தா நீதான் ஃபர்ஸ்ட்."

எல்லாரும் சிரித்தார்கள். தலைப்பு 'என் வகுப்பறை'. அடுத்த வாரத்துக்குள் தரவேண்டும். எழுதுபவர்களுக்கு ஒரு நாள் நைட் ஷிப்ட் கிடையாது என்றார். நான் கை தூக்கவில்லை. வெண்ணிலா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஜனவரி 8, வியாழன்

எழுத உட்கார்ந்தால் இந்த அறையைப் பற்றி என்ன எழுதுவது? பெட்டி இருக்கிறது என்றா? ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது.

பத்தாவதில் எங்களுக்கு ஜெபமணி டீச்சர். தாமதமாக வருபவர்களை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைப்பார். வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அதுதான் தண்டனை. ஆனால் அங்கே உட்கார்ந்தால்தான் கண்மாய் தெரியும். தண்ணீர் கிடக்கும் மாதங்களில் நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். அதற்காகவே நான் தாமதமாகப் போவேன். டீச்சருக்கு அது தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒருநாள் நான் சீக்கிரமாகப் போய்விட்டேன். "என்ன நாகஜோதி, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அப்பா விறகைக் கரியாக்கப் போடும் மூட்டத்துப் புகை சில நாள் அந்த ஜன்னல் வழியாக வரும். அதையும் எழுதினேன். அப்பாவுக்குக் கை வெந்ததை எழுதவில்லை. அது வகுப்பறையில் நடக்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

தனசேகர் சார் நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "நல்லா எழுதுறியே. பேச மாட்டேங்கிற, ஆனா எழுதுற" என்றார். சிவப்புப் பேனாவால் சில இடங்களைத் திருத்தினார். ஊர்ப் பெயரை அடித்து 'எங்கள் மில் கல்வி மையம்' என்று போட்டார். ஜெபமணி டீச்சர் வெறும் 'எங்கள் ஆசிரியை' ஆனார். கண்மாய் 'குளம்' ஆனது. மூட்டத்துப் புகை 'தோட்டத்துப் பூ வாசம்' ஆனது.

"மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அழகா நகல் எடுத்துக் குடு."

நகல் எடுத்தேன். இது பொய்யா என்று வெண்ணிலாவிடம் கேட்டேன். "கதைன்னு நெனச்சுக்கடி" என்றாள்.

பொங்கலுக்கு லீவு இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

மெஷினில் இடது கை மோதிர விரல் பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. என் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

எனக்கு முதல் பரிசு.

சாப்பாட்டு ஹாலில் மைக்கில் சொன்னார்கள். தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார்கள். கையில் குழம்பு. முதலாளி சந்தோஷப்பட்டாராம். வெண்ணிலா, "ஏய், எழுத்தாளரம்மா வர்றாக, வழி விடுங்கடி" என்று அறை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள். படுக்கையில் போர்வையை மூடிக்கொண்டு சிரித்தேன். ஜெபமணி டீச்சருக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தையல் பிரித்த பிறகும் போட்டிருந்த கட்டை இன்று அவிழ்த்தார்கள். விரல் முன்போல் மடங்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்று நர்ஸ் சொன்னார்.

மார்ச் 1, ஞாயிறு

போன் நாள். ஆபீஸில் வார்டன் அக்கா மேசையில் போன் இருக்கும். ஸ்பீக்கரில்தான் பேசவேண்டும். அம்மா இல்லை, தங்கச்சி முனீஸ்வரி எடுத்தாள். அவள் எப்போதும் கத்தித்தான் பேசுவாள்.

"அக்கா! குருசாமி மாமா ஒரு ஜெராக்ஸ் கொண்டாந்து குடுத்தாக. நீ எழுதுனதாம்ல! ஊரு பூரா குடுத்துருக்காக. நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், அம்மா அழுதுருச்சு."

குருசாமி மாமாதான் என்னை இங்கே கூட்டிவந்து சேர்த்தவர். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களைக் கூட்டிவருவது அவர் வேலை.

ஊரில் நான் எழுதியதை வாசித்திருக்கிறார்கள்! எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஒங்க டீச்சரும் நம்ம ஜெபமணி டீச்சர் மாதிரியே இருக்காகளேக்கா? லேட்டா வந்தா ஜன்னலோரமாம்!"

"ம்" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

போன் நாள். முனீஸ்வரிக்கு இந்த மாதம் பத்தாவது பரீட்சை முடிகிறது. முடிந்ததும் இங்கே வருகிறாளாம். குருசாமி மாமா பேசிவிட்டாராம். அப்பாவும் சரி என்றுவிட்டார்.

"படிச்ச மாதிரியும் ஆச்சு, சம்பாதிச்ச மாதிரியும் ஆச்சுன்னு மாமா சொல்றாக. நீ எழுதிருக்கிற மாதிரி எடம்னா நான் இப்பவே வந்துருவேன்க்கா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம்."

வார்டன் அக்கா என் எதிரில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"நீ பதினொண்ணு படி முனீஸு" என்றேன்.

வார்டன் அக்கா எழுதுவதை நிறுத்தாமல், "ஏன், இங்க வந்து படிக்கக்கூடாதா? நீதான் அவ்ளோ அழகா எழுதிருக்கியே" என்று சிரித்தார். முனீஸ்வரியும் அந்தப் பக்கம் சிரித்தாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. போனைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

சாப்பிடவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 22, ஞாயிறு

அப்பாவுக்குக் கடிதம் எழுதி ஆபீஸ் பெட்டியில் போட்டிருந்தேன். முனீஸ்வரியை அனுப்ப வேண்டாம், இங்கே வகுப்பே நடப்பதில்லை என்று மட்டும் எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை. விரலைப் பற்றியோ, வயிற்றுவலிக்கு வார்டன் அக்கா கொடுக்கும் வெள்ளை மாத்திரையைப் பற்றியோ, அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து மாதாமாதம் வருவது நின்றுபோனதைப் பற்றியோ எழுதவில்லை. அதெல்லாம் அப்பாவுக்கு எழுதுகிற விஷயம் இல்லை.

இன்று தனசேகர் சார் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் கடிதம் பிரித்துக் கிடந்தது. அவர் கோபப்படவில்லை.

"நீ நல்லா எழுதுற பொண்ணு. இதையும் கொஞ்சம் திருத்தி எழுதிக் குடு. நானே போஸ்ட் பண்றேன்."

சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் அதை எடுக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் முடிந்தால்தான் பிடித்து வைத்திருக்கும் சம்பளத்தையும் சர்டிபிகேட்டையும் தருவார்கள். எனக்கு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. நான் இருந்துகொள்வேன். எனக்குப் பழகிவிட்டது. முனீஸ்வரி வாயை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள். போன வருஷம் சுவரேறிக் குதித்த பெண்ணும் அப்படித்தான் சத்தமாகப் பேசுவாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

விழா ஏப்ரல் பத்தொன்பது. டவுன் கல்யாண மண்டபத்தில். இலக்கிய வட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம்: முதல் பரிசு வாங்கும் பிள்ளையின் அப்பா அம்மாவையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். மில் செலவில் ஊரிலிருந்து கூட்டிவருகிறார்கள். முனீஸ்வரியும் வருகிறாள். பையோடு. விழா முடிந்ததும் எங்கள் வேனிலேயே ஹாஸ்டலுக்கு வந்துவிட வேண்டியது. குருசாமி மாமாவின் ஏற்பாடு.

"ஒரே செலவுல ரெண்டு வேலை" என்றாள் வெண்ணிலா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேர்ல பாக்கும்போது சொல்லிரு புள்ள" என்றாள்.

நேரில் எப்போது பார்ப்பேன்? வார்டன் அக்கா பக்கத்திலேயேதான் இருப்பார். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வீட்டில்கூட எனக்குச் சேர்த்து முனீஸ்வரிதான் பேசுவாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. தனசேகர் சாருக்கே இப்போதுதான் தெரிந்ததாம். சில வருஷத்துக்கு முன் ஒரு பையனுக்கு அவன் அப்பா எழுதிக்கொடுத்துப் பரிசு வாங்கிவிட்டாராம். அதிலிருந்து, முதல் பரிசு வாங்கியவரை மேடையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எழுதியதைப் பற்றி மூன்று கேள்வி கேட்பார்கள். கூட்டமே அதற்குத்தான் வருமாம்.

சார் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியை பெயர் கேட்டால் கலைச்செல்வி. ஜன்னல் வழியே என்ன தெரியும் என்றால் பூந்தோட்டம். எதிர்கால லட்சியம் என்றால் கலெக்டர்.

"எங்க, ஒரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"சத்தமா."

ஏப்ரல் 18, சனி

வெண்ணிலா அவளுடைய பச்சைத் தாவணியைக் கொடுத்தாள்.

ஏப்ரல் 20, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மண்டபம் நிறையக் கூட்டம். அப்பா, அம்மா, முனீஸ்வரி முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். முனீஸ்வரி வளர்ந்துவிட்டாள். மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து கையாட்டினாள். அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். என்னை அவர்கள் பக்கத்தில் விடவில்லை. பரிசு வாங்குபவர்களுக்குத் தனி வரிசை.

சிறப்பு விருந்தினர் வர நேரமானது. அதுவரை நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பிறகு முதலாளி பேசினார். என் எழுத்தில் சில வரிகளை வாசித்தார். அப்பா, அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா வெந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே போனார். பொன்னாடை நழுவியபோது அதைப் பிடிக்க அந்தக் கையைத்தான் நீட்டவேண்டி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்புறம் ஸ்டூல் போட்டார்கள்.

கேள்வி கேட்டவர் வட்டத்தின் பொருளாளர் சௌந்தரவல்லி அம்மா. வயதானவர், ரிட்டையர்டு நர்ஸாம். மைக்கை எனக்கு ஏற்றபடி அவரே இறக்கிவிட்டார்.

"பயப்படாத கண்ணு. பரீட்சை இல்ல, சும்மா பேச்சுதான். லேட்டா வந்தா ஜன்னலோரம்னு எழுதியிருக்க. நீ எதுக்கு லேட்டா வருவ? ஹாஸ்டல் மாடியிலதான வகுப்பு? படியேற அவ்வளவு நேரமா?"

கூட்டம் சிரித்தது. தனசேகர் சார் இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கவாட்டில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்ன சொல்லச் சொல்கிறார் என்று புரியவில்லை. நான் முனீஸ்வரியைப் பார்த்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு சிரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் அவள் பதில் சொல்வதற்குத் தயாராக இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"கண்மாய்க் கரையில நிப்பேன்" என்றேன். "நாரை பாக்க."

மைக்கில் என் குரல் யாரோ பேசுவதுபோல் கேட்டது. கூட்டம் இன்னும் சிரித்தது. முதலாளிகூடச் சிரித்தார். முனீஸ்வரியும் சிரித்தாள்.

"சரிதான்! அடுத்தது. இவ்வளவு நல்ல டீச்சரப் பத்தி எழுதிட்டு, அவங்க பேர எழுதாம விட்டுட்டியே?"

கலைச்செல்வி. கலைச்செல்வி. நாக்கின் நுனியில் இருந்தது.

"ஜெபமணி டீச்சர்."

முனீஸ்வரியின் வாய் சிரித்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுபோனது. தலையைச் சாய்த்தாள். தனசேகர் சார் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

"ஜெபமணி டீச்சருக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்றார் சௌந்தரவல்லி அம்மா. எல்லாரும் தட்டினார்கள். முனீஸ்வரி தட்டவில்லை. "கடைசிக் கேள்வி கண்ணு. நீ இங்க மேடையில வந்து உக்காந்துட்ட. அந்த ஜன்னலோரம் இப்ப சும்மா கெடக்குமா?"

"கெடக்காதுங்க. என் தங்கச்சி இருக்கா. முனீஸ்வரி." அவளைப் பார்த்தே சொன்னேன். "அவ அந்த எடத்த விட்டு எந்திரிச்சு வரக்கூடாது. வேற எங்கயும் ஜன்னல் இல்ல."

கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. அக்காள் தங்கை பாசம் என்று சிறப்பு விருந்தினர் தன் பேச்சில் இரண்டு தடவை சொன்னார். ஆனால் சௌந்தரவல்லி அம்மா மட்டும் மைக்கைப் பழையபடி உயர்த்தாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டே, தாவணிக்குள் நான் மறைத்திருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் முனீஸ்வரி நேராக என்னிடம் வந்தாள். வார்டன் அக்கா என் பக்கத்தில் நின்றார். முனீஸ்வரி ஒன்றுமே கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் நான் பார்த்ததே இல்லை. தாவணிக்குள்ளிருந்த என் இடது கையை வெளியே இழுத்து, விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை. பிறகு திரும்பி அம்மாவிடம் மண்டபமே கேட்கும்படி கத்தினாள்.

"எனக்கு வயித்த வலிக்குது! நான் ஊருக்குப் போகணும்!"

குருசாமி மாமா ஓடிவந்தார். "என்ன பாப்பா, எல்லாம் பேசி முடிச்சுக் கூட்டியாந்தது..."

"பேசுனது நீக. எனக்குத்தான வலிக்குது?"

"ஹாஸ்டல்ல நர்ஸ் இருக்காங்க, மாத்திர தருவாங்க" என்றார் வார்டன் அக்கா.

"மாத்தர வேணாம்!"

அப்பா என்னைப் பார்த்தார். "ஒனக்கு ஒண்ணும் கொறையில்லைல ஆத்தா?" என்று கேட்டார். வார்டன் அக்காவின் கை என் தோளில் இருந்தது. "இல்லப்பா" என்றேன். "அவள மட்டும் கூட்டிட்டுப் போங்க."

அப்பா பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். முனீஸ்வரியின் பையை அவரே வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று பேரும் நடந்தார்கள். முனீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். நான் வேனில் ஏறினேன்.

வேனில் தனசேகர் சார், "யாரு அது ஜெபமணி?" என்று கேட்டார்.

"பதட்டத்துல வந்துருச்சு சார்."

"முதலாளிக்குப் பிடிச்சுது. அதனால தப்பிச்ச."

ஏப்ரல் 26, ஞாயிறு

ஒரு மாதத்துக்கு எனக்குப் போன் கிடையாது. காரணம் சொல்லவில்லை.

மே 9, சனி

இலக்கிய வட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்து என்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாராம். கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெண்ணிலா பார்த்திருக்கிறாள். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம்.

மே 31, ஞாயிறு

போன் தந்தார்கள்.

"பதினொண்ணாவது சேந்துட்டேன்க்கா" என்றாள் முனீஸ்வரி. மெதுவாகப் பேசினாள். என்னை மாதிரி.

"சரி" என்றேன்.

"ஜெபமணி டீச்சர் மாத்தலாகிப் போய்ட்டாக. ஆனா ஜன்னல் இருக்கு."

வார்டன் அக்கா நிமிர்ந்து பார்த்தார். நான் போனை வைத்துவிட்டேன். அறைக்கு வந்து ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 7, ஞாயிறு

இன்று புதுப் பிள்ளைகள் வந்தார்கள். குருசாமி மாமாதான் வேனில் கூட்டிவந்தார். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். எங்கள் அறைக்கு ஒருத்தியைப் போட்டார்கள். பெயர் ராமுத்தாய், சாயல்குடிப் பக்கம். காது குத்திய இடம் இன்னும் புண்ணாக இருக்கிறது. பதினாறு என்றாள். பதினாறு இருக்காது.

அவளுக்கு வாளி எது, தண்ணீர் எப்போது வரும் என்றெல்லாம் வெண்ணிலா சொல்லிக்கொடுத்தாள். என் பெயரைக் கேட்டதும் அந்தப் பிள்ளை சட்டென்று எழுந்து நின்றாள். பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து மடித்த ஜெராக்ஸ் தாளை எடுத்தாள். அதில் என் பெயர். என் எழுத்து.

"நீங்கதானாக்கா அது? எங்க டீச்சரு ஊருலயே மேல படிக்கத்தான் சொன்னாக. எங்காத்தா இதக் காட்டித்தான் எங்கய்யாவச் சம்மதிக்க வச்சுச்சு. எனக்குப் பாதி மனப்பாடமா வரும்க்கா."

வெண்ணிலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் லேட்டாத்தான் போகப் போறேன்" என்று அந்தப் பிள்ளை சிரித்தாள். "கிளாஸ் எந்தப் பக்கம்க்கா?"

நான் அவளை உட்காரச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. உட்கார்ந்தாள். ஷிப்டுக்கு மணி அடிக்கும் வரை இங்கே நடப்பதைச் சொன்னேன். ஒன்றையும் திருத்தவில்லை.

அவள் தாளைப் பார்த்தாள். கேட் இருக்கும் திசையைப் பார்த்தாள். குருசாமி மாமாவின் வேன் அதற்குள் போய்விட்டிருந்தது.

"இத மொதல்லயே எழுதியிருக்கலாம்லக்கா" என்றாள்.